தில்லைநாயகம் விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமை

தூத்துக்குடியை விட்டு வெளியே வந்து, வீடுகள் குறைந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் பேர்ல் எமரால்டு என்று ஓர் அடுக்ககம் இருக்கிறது. ஒரு ரத்தினத்தின் பெயர் போதாதென்று இரண்டு ரத்தினத்தின் பெயரை வைத்துக்கொண்டு, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் அரித்துப்போய் நிற்கிற அந்தக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் தானாகவே கூடுகிறது, அதை யாரும் கூட்டுவதில்லை, யாராலும் மாற்ற முடிவதில்லை, யாராலும் ரத்து செய்ய முடிவதில்லை, அங்கே குடியிருக்கிறவர்களும் பால் பாக்கெட் வருவதைப் போல, தண்ணீர் லாரி வருவதைப் போல இதுவும் வருகிறது என்று தலையைச் சீவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தை ஆரம்பித்து வைத்தவர் தில்லைநாயகம் என்கிற செக்ரட்டரி. அவர் ஆசைப்பட்டு செக்ரட்டரி ஆகவில்லை. பேர்ல் எமரால்டில் ஒரு வழக்கம், சங்கக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவார்கள், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மற்றவர்கள் தப்பித்த சந்தோஷத்தில் கை தட்டுவார்கள். தில்லைநாயகம் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்த வாரத்தில் செக்ரட்டரி ஆனார். அதனால்தான் அந்த அடுக்ககத்தில் காய்ச்சலோடு, கட்டுப்போட்ட காலோடு, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்துகூட எல்லோரும் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள். அக்கறை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பயம்.

ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நோய்க்காலத்தில் தில்லைநாயகம் கூட்டத்தை ஆன்லைனுக்கு மாற்றினார். தன் கம்பெனி கொடுத்திருந்த மின்னஞ்சலிலிருந்து எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினார், வாரா வாரம் ஞாயிறு, ஆறிலிருந்து ஏழு. முடிவு தேதி என்று கேட்ட இடத்தில் இல்லை என்று அழுத்தினார். ஊர் திறந்த பிறகும் அது தொடர்ந்தது, அவர் நடத்திய கடைசிக் கூட்டத்தில் பிள்ளைகள் அவரவர் அப்பா அம்மா தோளுக்குப் பின்னால் நின்று ஒரே கூச்சல். சங்கத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. அவர் ஏதோ ஓர் அரசு ஆபீஸில் சூப்பரின்டென்டாக இருந்து ரிட்டையரானவர். ஆபீஸ் அவரை விட்டுப் போய்விட்டது, சூப்பரின்டென்ட் போகவில்லை.

"வே தில்லை, இந்தச் சவத்துப் பிள்ளைகள் சத்தத்தை முதல்ல நிறுத்தும்வே," என்றார்.

அடுத்தவர் வாயை அடைக்கிற பட்டன் கூட்டத்தைக் கூட்டியவரிடம் மட்டும்தான் உண்டு, திறக்கிற பட்டனும் அவரிடம்தான். தில்லைநாயகம் ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டத்தில் பெயர் சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையாக மியூட் செய்தார். அந்த வாரமே வீட்டை விற்றுவிட்டு, வேலையிலிருந்தும் ஓய்வு வாங்கிக்கொண்டு, கனடாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கம்பெனி அவருடைய கணக்கை அழித்தது. கம்ப்யூட்டரின் கணக்குப்படி அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் என்று ஒருவர் பூமியிலேயே இல்லை, கூட்டம் மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிறு, செக்ரட்டரியும் இல்லை கூட்டமும் வேண்டாம் என்று எல்லோரும் தங்கள் போனிலிருந்து அதை நீக்கினார்கள். ஆறு மணிக்கு அது திறந்தது. போனை அணைத்தார்கள், டிவியில் திறந்தது. டிவியை அணைத்தார்கள், அணைத்த கறுப்புக் கண்ணாடியில் திறந்தது. பிறகு பீரோ கண்ணாடியில், எவர்சில்வர் குடத்தில், குளிக்கிற வாளித் தண்ணீரில், கட்டம் கட்டமாக எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்தது. மதுரைக்குப் போன ஒருவர் பஸ் ஜன்னலில் பார்த்தேன் என்றார். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்துகிடந்த ஞாயிறு, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் கூட்டம் கூடியது. சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் ரூம் பூட்டைப் பற்றிய தீர்மானத்தை அந்த மூடியின் மேல் குனிந்து வழிமொழிந்துவிட்டு, மறுபடி அழுதார்கள்.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒரு மாதத்துக்குள் யார் வீட்டுக் குடத்தில் முகம் லட்சணமாகத் தெரிகிறது, யார் வீட்டில் அகலமாகத் தெரிகிறது என்று பேச்சு வந்துவிட்டது. பெண்கள் சனிக்கிழமையே பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கி வைத்தார்கள். ஆண்கள் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே சாயம்போன சாரமுமாகக் குத்துவிளக்கின் முன்னால் உட்கார்ந்து கார் நிறுத்துகிற இடத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு. அன்று மியூட் செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து காம்பவுண்டுச் சுவருக்குள் சத்தம் இல்லை. சாயங்காலம் ஸ்கூல் வேன் வரும்போது ரோட்டில் அரை மைலுக்கு அந்தக் கூச்சல் கேட்கும். வேன் கேட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டும், கத்தியால் நறுக்கினது போல் கூச்சல் நிற்கும், உள்ளே வாய்கள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். முதல் வாரம் அம்மாக்கள் அழுதார்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் முன்னால் பிள்ளைகள் கணீரென்று பேசின. "நல்லாத்தானே இருக்கு," என்றார் டாக்டர். இரண்டாம் வாரம், பேசத்தானே செய்கிறது, வீட்டில் பேசாவிட்டால் என்ன என்றார்கள். மூன்றாம் வாரம் சீரியல் வசனம் ஒன்று விடாமல் கேட்கிறது என்றார்கள். அதற்கு அப்புறம் வீட்டு புரோக்கர் தன் போர்டில் 'அமைதியான சூழல்' என்று எழுதினான், வாடகை ஏறியது, பிள்ளைகளைத் திருப்பிப் பேச வைக்க வேண்டும் என்ற தீர்மானம் கூட்டத்தின் வரிசையில் கீழே கீழே போய் ஒருநாள் காணாமலே போனது.

நான் அங்கே குடிபோனது இதற்கெல்லாம் பிறகு. என் பெயர் ஜெனோவா. என் வீட்டுக்காரர் கிளைவ் மச்சாது கப்பலில் செகண்ட் எஞ்சினியர், லோன் போட்டு அந்த ஃப்ளாட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னை அதில் வைத்துவிட்டு, கடலுக்குப் போய்விட்டார். என் மகள் ஜோவிட்டா அங்கேதான் பிறந்தாள். தில்லைநாயகம் போன பிறகு பிறந்ததால் அவள் பெயர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதனால் பேர்ல் எமரால்டின் சுவர்களுக்குள் அழுகிற ஒரே பிள்ளை அவள்.

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் ரூல்தடியால் மேஜையைத் தட்டி, எல்லோரையும் விரலை உதட்டில் வைக்கச் சொல்லி, அரை நிமிஷ அமைதிக்காக உயிரை விடுவார், அந்த அரை நிமிஷத்துக்குள் ஒருத்தி தும்முவாள், ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும். இங்கே தும்மலுக்கும் சத்தம் இல்லை. பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கினால் செருப்புச் சத்தம் மட்டும் இறங்கும். நான் போன புதிதில் மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டான், கதவு பூட்டிக்கொண்டது, உச்சி வெயில். தட்டியிருக்கிறான். காற்றில் கதவு அடிக்கிறது என்று எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். துணி எடுக்கப் போன நான்தான் அவனைப் பார்த்தேன், உதடு வெடித்து, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தான், ஒரு மூச்சுச் சத்தம்கூட வெளியே வரவில்லை. அந்த ஞாயிறு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு வேறு தாழ்ப்பாள் போடுவது என்று முடிவானது.

அன்று பிடித்த பயம் எனக்கு. பேசத் தெரிந்த பிள்ளை கை காட்டும், இழுத்துக்கொண்டு போய்க் காட்டும். கைக்குழந்தைக்கு அழுகை ஒன்றுதான் உண்டு. பசித்தால் அது, காய்ச்சல் என்றால் அது, தொட்டிலில் எறும்பு ஏறினாலும் அது. அதையும் எடுத்துவிட்டால் பக்கத்து அறையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் பிள்ளை என்ன ஆனாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

எதிர்வீட்டு முத்துச்செல்வி அக்கா ஒருநாள் காலையில் மல்லி இலை கேட்கிற சாக்கில் வந்தாள். அவளுக்கு நான்காம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள், யாழிசை என்று பெயர். பெயரைப் பாருங்கள்.

"ஏ ஜெனோவா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"பிள்ளைய மீட்டிங்ல சேத்துருளா. எல்லாரும் சொல்லுதாவ. அண்ணாச்சிக்கு பிரஷர் ஏறுதாம். நேத்து உன் பிள்ள கத்துன கத்துல எங்க வீட்டுல சீரியல்ல யாரு செத்தான்னே தெரியல."

"பச்சைப் பிள்ளைக்கா. அழாம எப்படி?"

"எங்க பிள்ளைய எல்லாம் அழாமலா இருக்கு? அழுது. நமக்குக் கேக்கல, அவ்வளவுதான்." மல்லி இலையை முகர்ந்து பார்த்தாள். "ஒரு மாசம் கஷ்டமா இருக்கும். அப்புறம் நீயே சொல்லுவ, யக்கா தெய்வமேன்னு."

பக்கத்தில் யாழிசை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால்தான் இதைச் சொன்னாள். அந்த அடுக்ககத்தில் எல்லோரும் எதையும் பிள்ளைகள் முன்னால் பேசுவார்கள், நாற்காலி முன்னால் பேசுவதைப் போல.

"நான் சேர்க்க மாட்டேன்கா," என்றேன்.

"நீ என்ன சேக்க, நாங்க சேத்துட்டுப் போறோம்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அந்தக் கூட்டத்தைத் திருத்த முடியாது, ரத்து செய்ய முடியாது, ஆனால் அதில் இருக்கிற எவரும் அழைப்பை இன்னொருவருக்கு அனுப்பி வைக்க மட்டும் முடியும். அடுத்த நாள் காலையில் ஜோவிட்டாவுக்குப் பால் புகட்டுகிற பாலாடையின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் அழைப்பு வந்தது. ஜோவிட்டா மச்சாது, ஞாயிறு, ஆறு மணி. கீழே மூன்று சொல், வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம். நான் வரவில்லை என்பதைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன். மத்தியானம் டம்ளரில் வந்தது. சாயங்காலம் அவள் கிலுகிலுப்பையில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் அனுப்பினார்கள் போலிருக்கிறது, மளிகைக் கடைக்காரர்கள் காலண்டர் அனுப்புவதைப் போல. நான் தள்ளித் தள்ளி விட்டேன். ஆனால் ஜோவிட்டா தவழ ஆரம்பித்துவிட்டாள், பளபளவென்று எதைக் கண்டாலும் போய் அறைகிறவள். அவள் விரல் எந்தச் சொல்லின் மேல் படும் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

அந்த மீட்டிங் சேவையை நடத்துகிற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள், தேன் மாதிரி குரல்.

"மேம், உங்க பிரச்சினை புரியுது. இந்த மீட்டிங்கை ஆர்கனைசர் மட்டும்தான் கேன்சல் பண்ண முடியும்."

"ஆர்கனைசர் இல்லையே. கணக்கையே அழிச்சிட்டாங்க."

"ஓகே மேம். அவர் திரும்ப வந்ததும் ட்ரை பண்ணச் சொல்லுங்க."

"இல்லாத ஆள் எப்படித் திரும்ப வருவார்?"

"அது எங்க சைடுல வராது மேம். இல்லைன்னா மீட்டிங்கோட முடிவு தேதி வரைக்கும் வெயிட் பண்ணலாம்."

"முடிவு தேதி இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்போ வெயிட் பண்ணுங்க மேம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

கிளைவ் ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். நான் அழுதேன். "என்னட்டி, மீட்டிங்தானே, கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காரு," என்றார். ஆறு மாதம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இதற்கு மேல் என்ன தோன்றும். கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் தில்லைநாயகத்தின் கனடா நம்பரைக் கேட்டேன். "அவர் நம்பர் யார்ட்டயும் இல்லம்மா, நாங்க தேடாத தேட்டமா?" என்றார். இரண்டு வருஷமாக இதே பதிலைத்தான் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்களும் இதையே கேட்க ஆசைப்பட்டவர்களைப் போலத் தலையாட்டினார்கள்.

நான் வீட்டில் பளபளப்பதையெல்லாம் மறைத்தேன். பீரோ கண்ணாடியில் போர்வை, எவர்சில்வர் எல்லாம் சாக்கில், டிவி பரணில். மண்சட்டியில் சமைத்து வாழை இலையில் சாப்பிட்டேன். தரை டைல்ஸ் மினுங்குகிறதென்று பாய் விரித்தேன். ஞாயிறு மத்தியானம் ஜோவிட்டாவைத் தூக்கியபோது அவள் என் கண்ணையே உற்றுப் பார்த்து விரலை நீட்டினாள். என் கண்மணிக்குள் அழைப்பு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வந்ததோ இல்லையோ, இனி இந்த வீட்டுக்குள் முடியாது என்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே நடந்தேன்.

கண்ணாடி இல்லாத, பாத்திரம் இல்லாத, வீடே இல்லாத இடமாகப் போக வேண்டும் என்று நடந்தேன். ஞாயிறு என்பதால் உப்பளத்தில் ஆள் இல்லை. வரப்பு மேல் வெகுதூரம் போனேன், திரும்பிப் பார்த்தால் பேர்ல் எமரால்டு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து கோயில் மணி அடித்தது, திரிகால ஜெபத்துக்கான ஆறு மணி. சிறு வயதுப் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன். அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

காற்று அடங்கிய நேரம். பாத்தி பாத்தியாக, வானம் தொடங்குகிற இடம் வரைக்கும், அசையாத தண்ணீர். உப்பளத்து முதலாளிகளும் வேலைக்காரர்களும் சேர்ந்து கட்டம் கட்டமாக வெட்டி வைத்த கண்ணாடி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு முகம் திறந்தது.

குடத்திலும் டம்ளரிலும் அவர்களைச் சின்னதாகப் பார்த்துப் பழகியிருந்தேன். அன்று ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அளவுக்குக் கிடந்தார்கள், மூக்கு முடியும், மை தீட்டிய மீசைக்கு அடியில் வெள்ளை வேரும், சட்டைக் காலரில் ஒட்டிய சாம்பாரும். பிள்ளைகள் ஓரத்துப் பாத்திகளில் வாய் மூடி உட்கார்ந்திருந்தன. கோமதிநாயகம் அண்ணாச்சி எனக்கு நேர் முன்னால் படுத்தபடி கனைத்தார், அவருடைய கனைப்பில் தண்ணீர் நடுங்கியது.

"கோரத்துக்கு வேண்டிய ஆள் இருக்கு, ஆரம்பிச்சிரலாம்," என்றார். "அந்தக் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை விஷயம்தான் முதல்ல."

என் காலடியில் ஒரு பாத்தி காலியாகக் கிடந்தது. அதில் ஜோவிட்டாவின் பெயரும் மூன்று சொற்களும் மிதந்தன. பின்வாங்கினேன், வரப்பில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஜோவிட்டா என் கையிலிருந்து முன்னால் சாய்ந்து, நான் இழுப்பதற்குள், உள்ளங்கையை விரித்துத் தண்ணீரை ஓங்கி அறைந்தாள்.

வருகிறேன்.

காலியாக இருந்த பாத்தியில் என் மகள் முகம் வந்தது. நான் அவள் வாயைப் பார்த்தேன். அது திறந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் தெறித்ததில் ஒரு வீறல் வீறிட்டாள், அந்த வீறல் உப்பளம் முழுக்கக் கேட்டது, அவர்கள் எல்லோருடைய குடத்திலும் டம்ளரிலும் பீரோவிலும் கேட்டது, முகங்கள் காதைப் பொத்திக்கொண்டதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"பிள்ளைய மியூட் பண்ணுங்கப்பா," என்றார் அண்ணாச்சி.

"பண்ணுதேன் அண்ணாச்சி, ஆக மாட்டேங்குது," என்றது பக்கத்துப் பாத்தி.

"முத்துச்செல்வி, நீ பண்ணு."

"எனக்கும் ஆகல. அது கூட்டத்தக் கூட்டுனவருக்கு மட்டும்தான ஆகும்."

"அவர்தான் இல்லையே."

"அதத்தான் சொல்லுதேன்."

இத்தனை காலம் கூட்டத்தில் சேர்ந்தால் பிள்ளைகள் வாய் அடைந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள். நானும் அதையே நம்பித்தான் பயந்து செத்தேன். அடைத்தது கூட்டம் இல்லை, தில்லைநாயகம். அவர் போய்விட்டார். அவர் அடைத்துவிட்டுப் போன வாய்களைத் திறக்கவும் ஆள் இல்லை, புதிதாக வருகிற வாயை அடைக்கவும் ஆள் இல்லை. ஏழு மணி வரைக்கும் ஜோவிட்டா தண்ணீரை அறைந்து அறைந்து கத்தினாள், அழுகை சிரிப்பாக மாறியது, சிரிப்பு கூவலாக மாறியது, தீர்மானம் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

இருந்தும் திரும்பி வந்து கேட்டின் தண்டவாளத்தின் முன்னால் நின்றபோது எனக்குக் கால் வரவில்லை. அவள் என் தோளில் முகத்தை உரசிக்கொண்டு தூக்கத்துக்கு முனகிக்கொண்டிருந்தாள். அந்த முனகலைக் காதுக்குள் வைத்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தேன். முனகல் நிற்கவில்லை. இன்னொரு காலையும் வைத்தேன். லிஃப்டுக்குள் போனதும் பசி வந்து அழுதாள், அந்தத் தகரப் பெட்டி அதிர்ந்தது, எனக்கு ஜுரம் விட்டதைப் போல வேர்த்தது.

அடுத்த ஞாயிறு பேர்ல் எமரால்டே பாத்திரத்தைச் சாக்கில் கட்டியது. கண்ணாடிகளுக்குப் போர்வை போர்த்தினார்கள். கூட்டம் மூக்குக் கண்ணாடியில் வந்தது, தோசைக்கல்லின் எண்ணெயில் வந்தது, ஜோவிட்டாவின் குரலோடு வந்தது. எழுந்து ஓடவும் முடியாது, வராதவர் தலையில் பதவி ஏறும். திங்கள்கிழமை காலையில் அண்ணாச்சியும் முத்துச்செல்வி அக்காவும் என் வாசலில் நின்றார்கள்.

"அம்மா ஜெனோவா," என்றார் அண்ணாச்சி, அதுவரை என் பெயர் அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. "பிள்ளைக்கு வரவில்லைன்னு நீங்கதான் குடுக்க முடியும். ஒரு அழுத்து அழுத்திருங்க. மத்த நாள்ல அது எவ்வளவு வேணாலும் அழட்டும்."

"தில்லைநாயகம் அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டோம்மா. நேத்து ராத்திரியே பேசிட்டோம். தன்கிட்ட அந்தக் கணக்கே இல்ல, ஒண்ணும் செய்ய முடியாதுங்காரு."

"அவர் நம்பர் யார்கிட்டயும் இல்லைன்னீங்களே."

அண்ணாச்சி தண்டவாளத்தைத் தாண்டிய பிள்ளையைப் போல வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. முத்துச்செல்வி அக்கா, "அது வந்து, எங்கயோ எழுதி வச்சிருந்தது கிடைச்சுது," என்றாள். பிள்ளைகளின் குரலுக்காக இரண்டு வருஷத்தில் கிடைக்காத நம்பர், தங்கள் காதுக்காக ஒரே ராத்திரியில் கிடைத்திருக்கிறது. ஜோவிட்டா என் இடுப்பிலிருந்து அண்ணாச்சியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். கதவைச் சாத்தினேன். சாத்தும்போது பார்த்தேன், எதிர்வீட்டுக் கதவிடுக்கில் யாழிசை நின்றிருந்தாள், என்னை அல்ல, ஜோவிட்டாவின் வாயையே பார்த்துக்கொண்டு.

அடுத்த ஞாயிறு நானாகவே உப்பளத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் இருந்தால் வாசல் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அங்கே காற்றாவது இருக்கும், இவளுக்கும் தண்ணீரை அறைவதில் ருசி விழுந்துவிட்டது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் எனக்குப் பின்னால் ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. திரும்பினேன். பேர்ல் எமரால்டின் பிள்ளைகள் எல்லோரும் படியிறங்கி, சத்தமில்லாமல் மைதானத்தைத் தாண்டி, சத்தமில்லாமல் கேட்டுக்கு வந்து, தண்டவாளத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவராகக் குரல் பெற்று என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். மொட்டைமாடியில் கிடந்த பையனும் இருந்தான். முன்னால் யாழிசை.

"அத்தை, நாங்களும் வாரோம்," என்றாள். அவள் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். கரகரவென்று, பெரிய பொம்பளை குரலாக இருந்தது.

"உங்க கட்டத்துல உங்க சத்தம் வராதே," என்றேன்.

"எங்க கட்டத்துல வராது. பாப்பா கட்டத்துல வருமே," என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்த அத்தனை பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. வரப்பின் மேல் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டு, யார் முதலில் என்று. மணி அடித்தது. பாத்திகள் திறந்தன. பஞ்சு அடைத்த காதுகளோடு, ஈரத்துண்டு சுற்றிய தலைகளோடு, அப்பாக்களும் அம்மாக்களும் தாத்தாக்களும் கட்டம் கட்டமாகக் கிடந்தார்கள். ஓரத்துப் பாத்திகளில் அவரவர் பிள்ளைகள் இல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாத்தியின் கரையில் நிற்பதை ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்த்து, தான் எழுந்தால் செக்ரட்டரி என்று நினைவு வந்து, உட்கார்ந்தார்.

நான் ஜோவிட்டாவை மடியில் வைத்து, அவள் கட்டத்தின் கரையில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீரை அறைந்தாள். வருகிறேன் என்பது பச்சையாகத் தெரிந்தது.

யாழிசை முழங்கால் போட்டு, என் மகளின் கன்னத்தோடு கன்னத்தை வைத்துக் குனிந்தாள். தன் அம்மா முகம் எந்தப் பாத்தி என்று தேடிக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, நாந்தான்," என்றாள். "போன கோயில் கொடைக்கு முந்தின வாரம் நீ சித்திகிட்ட போன்ல பேசினல்ல, இவ பேசாம இருக்கதுதான் எனக்கு நிம்மதி, இப்படியே இருந்துட்டுப் போட்டும்னு. அப்போ நான் உன் பக்கத்துலதான் உக்காந்து பூண்டு உரிச்சிட்டு இருந்தேன்."

முத்துச்செல்வி அக்கா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். உப்பளத்தின் அந்தப் பெரிய பாத்தி முழுக்க அவள் முகம் சுருங்கியது.

"இன்னும் இருக்கு," என்று சொல்லிவிட்டு யாழிசை நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள் வரப்பு நெடுக வரிசையில் நின்றார்கள்.